ஒரே விடைத்தாளில் மூன்று சாட்சிகள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அதாவது, முழங்காலுக்கு மேலே நலம். முழங்காலுக்குக் கீழே, இடது பக்கம் மட்டும், மாவுக்கட்டு. உன் அக்காவும் நலம். அவள் நலமாக இருப்பது அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தத்திலிருந்து படுத்தபடியே தெரிகிறது. நீயும் உன் வீட்டாரும் குழந்தைகளும் இதே போல, ஆனால் இவ்வளவு சத்தமில்லாமல், நலமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் எழுவாயைச் சொல்வதற்குள் நீ பயனிலையைச் சொல்லி முடித்துவிடுகிறாய். முப்பது வருடம் கோர்ட்டில் கிளார்க்காக இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் வரத்தான் செய்யும், குறை சொல்லவில்லை. இன்னொன்று, போனில் பேசினால் உன் அக்காவுக்குக் கேட்கும். பேனா சத்தம் போடாது. ஆகவே பொறுமையாக முழுவதையும் படி. சந்தேகம் இருந்தால் கடைசியில் கேட்டுக்கொள்.

நான்கு வாரத்துக்கு முன்னால் என்னை ஒரு பார்சல் வண்டி மோதியது உனக்குத் தெரியும். ஆனால் எப்படி மோதியது என்பதை முறையாக உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் கடை இருக்கிறதல்லவா, போன தடவை வந்தபோது உன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாரே, அவர் கடைக்குப் புதிதாக ஒரு பெயர்ப் பலகை மாட்டினார். நல்ல பலகை, ஆறடி நீளம், நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. காலையில் ஜன்னலோரம் நின்று பல் துலக்கிக்கொண்டே பார்க்கிறேன், பலகை சாய்ந்திருக்கிறது. இடது முனை இரண்டு விரற்கடை கீழே. ஒருவன் தலையைச் சாய்த்துக்கொண்டு நம்மையே பார்ப்பது போல இருந்தது. எனக்கு வாய் கொப்பளிக்கக் கூடப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய்ச் சொன்னேன். தையல்காரர் தங்கமான மனுஷன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏணி போடச் சொன்னார். அவரும் ஏறினார். ஆனால் கிட்டத்தில் நின்று பார்த்தால் சாய்வு தெரியவில்லை. இது எதிர்பார்க்கக் கூடியதே. பெரிய படத்தை மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? ஆகவே பார்வைக்குச் சரியான தூரம் வேண்டுமென்று ஓரிரு அடி ஒதுங்கி, அசையாமல் நின்று, "இடது பக்கம் ஒரு நூல் தூக்குங்க, இன்னும் ஒரு நூல்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் முதுகில் அந்த வண்டி வந்து மோதியது. நான் சுழன்றேன். இடது கால் வண்டியின் பின்சக்கரத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே போயிற்று. கணுக்காலில் சுள்ளி ஒடிவது மாதிரி ஒரு சத்தம். சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது, வலி அதற்குப் பிறகுதான் வந்தது. ஒளி முந்தும், ஒலி பிந்தும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வலி எல்லாவற்றுக்கும் பிந்தும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

வண்டி ஓட்டியவர் ஐம்பது வயதிருக்கும், பாவம், நெடுநெடுவென்று உயரமாக, வாய் திறந்து பேசத் தெரியாத மனிதர். கையில் டெலிவரி லிஸ்டோடு இறங்கி ஓடி வந்து, "என்ன ஆச்சு சார், நான் ஒண்ணும் பண்ணலியே சார்" என்றார். நான் அவரைத் திட்டவில்லை. திட்டினால் மாணவனுக்குப் பாடம் ஏறாது என்பது என் அனுபவம். ரோட்டில் கிடந்தபடியே அவருக்கு விளக்கினேன். இந்த இடத்தில் ரோடு கொஞ்சம் சரிவு, நீங்கள் லிஸ்ட் பார்த்த மும்முரத்தில் பிரேக்கிலிருந்து கால் எடுத்திருப்பீர்கள், சரிவில் வைத்த பொருள் தானாக உருளும் என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து ரோட்டில் உருட்டியே காட்டினேன். பேனா அழகாகச் சாக்கடைப் பக்கம் உருண்டு போயிற்று. அவர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அப்படித்தான் இருக்கும் போலிருக்கு சார்" என்றார். அப்படியே கம்பெனிக்கு எழுதியும் கொடுத்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்ளும் மாணவர் எனக்கு அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறார். இப்போது அவரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலைக்குப் போட்டிருக்கிறார்களாம். வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி இங்கே வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்று, "கால் எப்படி இருக்கு சார்" என்று கேட்டுவிட்டுப் போகிறார். உன் அக்கா உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் உட்காருவதில்லை.

இனி, அந்தப் பார்சல் கம்பெனியிடம் நான் போட்ட க்ளைம் எதற்காக என்பது. உன் அக்கா சொல்வது போல நான் நஷ்டஈட்டுக்கு ஆலாய்ப் பறக்கவில்லை. பணம் வந்தால் அது நேராக அவள் பெட்டிக்குத்தான் போகும், எனக்கு அதில் வேலையில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. "தவறு வண்டியுடையது" என்று கம்பெனி எழுத்தில் தர வேண்டும். ஏனென்றால் கால் ஒடிந்த அன்றைக்கே உன் மருமகள், என் மகள், போனில் தீர்ப்பு எழுதிவிட்டாள். "அப்பா, யார் தப்புன்னு அந்தக் கம்பெனி எழுதிக் கொடுக்கட்டும். வண்டி மேல தப்புன்னா நான் வாயே திறக்க மாட்டேன். உங்க மேல தப்புன்னா, கட்டுப் பிரிச்ச மறுநாளே நீங்களும் அம்மாவும் இங்க வந்துடணும். இனிமே தனியா ரோட்டுல இறங்குற பேச்சே கிடையாது." அவள் வீடு பதினேழாவது மாடி என்பது உனக்குத் தெரியும். லிஃப்ட்டுக்கு ஓர் அட்டை. அந்த அட்டை அவள் கைப்பையில். அந்த வீட்டு ஜன்னலில் மேகம் தெரியும், நல்ல மேகம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேகத்தைக் கூப்பிட்டு, "என்னப்பா, பலகை கோணலா இருக்கே" என்று கேட்க முடியாது. நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. காலையில் படியிறங்கி, தபால் ஆபீஸ் வரை நடந்து, நாலு பேரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, யார் துணையும் இல்லாமல் வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் சொத்து. அதற்குத்தான் இந்த வழக்கு.

கொஞ்சம் பொறு. தையல்காரர் ஏணியை வெளியே எடுக்கிறார்.

இல்லை. ஏணியில் துணி காயப்போடுகிறார். நான்கு வாரமாக இந்தப் படுக்கையிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் மாப்பிள்ளை. இடது முனை இன்னும் கீழேதான். விபத்தில் வேலை பாதியில் நின்றுபோயிற்று. உன் அக்காவிடம் மூன்று தடவை சொல்லியனுப்பினேன். தையல்காரரும் ஒவ்வொரு தடவையும் ஏறி ஏதோ செய்கிறார், இறங்கிக் கீழே நின்று பார்த்துச் சரியாயிருக்கிறது என்று எனக்குக் கையாட்டுகிறார், எனக்கோ இன்னும் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது. கட்டுக்குள்ளே அரிக்கிறது. அரிப்புக்கு உன் அக்காவின் பின்னல் ஊசியைச் செருகிச் சொரிகிறேன். பலகைக்கு எந்த ஊசியைச் செருகுவது?

விண்ணப்பத்துக்கு வருகிறேன். கம்பெனி அனுப்பிய படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, "சம்பவத்தைச் சுருக்கமாக விவரிக்கவும்" என்று. கீழே நான்கு கோடு. நான்கு கோட்டில் ஒரு விபத்தை விவரிக்கச் சொல்கிறவர்கள் ஒரு நாளும் வகுப்பில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நான் "இணைப்பைப் பார்க்க" என்று எழுதிவிட்டு, பதினோரு பக்கம் இணைத்தேன். படம் ஒன்று, ரோட்டின் மேல்தோற்றம். படம் இரண்டு, பக்கத்தோற்றம். படம் மூன்று, விசைகளின் திசை, அம்புக்குறியோடு. படம் நான்கு, பலகையின் சாய்வு. இது கேட்கப்படாவிட்டாலும் பின்னணி புரிய உதவும் என்று சேர்த்தேன். அப்புறம்தான் உனக்குப் போன் செய்தேன். நீ படத்தைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை. "அத்தான், மத்ததெல்லாம் சும்மா. சாட்சிதான் உயிர். மூணு சாட்சி புடிங்க. ஒருத்தர் சொல்றதுக்கும் இன்னொருத்தர் சொல்றதுக்கும் ஒரு சொல்லு முரண்படக் கூடாது. முரண்பட்டா போச்சு" என்றாய். சொன்னாயா இல்லையா? நீ சொன்னதைத்தான் செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். தையல்காரர் ஒன்று. ஏணி மேலே இருந்த எலக்ட்ரீஷியன் இரண்டு. மூன்றாவது ஆளை நீ பார்த்ததில்லை. எங்கள் தெருவில் பேப்பர் கடை பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற ஒருவர், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை "வானிலை" என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் காலையில் வானத்தைப் பார்த்து இன்றைக்கு மழையா வெயிலா என்று சொல்வார். அவர் மழை என்று சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். வெயில் என்று சொன்னால் காயப்போட்ட துணியை எடுத்துவிடலாம். அந்த வகையில் அவர் மிகவும் நம்பத் தகுந்தவர்.

மூன்று பேரையும் இந்த அறைக்கே வரவழைத்தேன். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பேனா. தையல்காரர் எழுதிப் பத்து வருடம் இருக்கும், அளவு எண்களைத் தவிர. எலக்ட்ரீஷியனுக்கு எழுத வரும், ஆனால் என்ன எழுதுவது என்று வராது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நிறைய பிள்ளைகள் அப்படித்தான். அதற்குத்தானே நாம் இருக்கிறோம். முதலில் ஒரு மாதிரி விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பிறகு அவர்களாக எழுதிக்கொள்வார்கள் என்று, நான் கட்டிலில் சாய்ந்தபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், மூவரும் எழுதினார்கள். அறையில் மூன்று பேனா ஓடுகிற சத்தம் கேட்டபோது, ரிட்டயராகி நாலு வருஷத்துக்கப்புறம் மனசு அப்படியே நிறைஞ்சு போச்சு மாப்பிள்ளை, பொய் சொல்லவில்லை. நடுவில் வானிலை தலையைத் தூக்கி, "வாத்தியாரே, நான் பார்த்தது வேற மாதிரில்ல இருந்துச்சு" என்றார். "முதல்ல எழுதுங்க, சந்தேகத்தைக் கடைசியில கேட்கலாம்" என்றேன். வழக்கமாக நான் சொல்வதுதான். கடைசியில் உன் அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுவந்துவிட்டாள். டீ வந்த பிறகு யாரும் சந்தேகம் கேட்டதில்லை, எந்தப் பள்ளிக்கூடத்திலும். நானும் தாள்களை வாங்கி, படித்துப் பார்க்காமல், நேரே உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். அதுதான் நான் செய்த பிழை. திருத்தாமல் தாளை அனுப்பக் கூடாது.

பத்து நாள் கழித்து கம்பெனியிலிருந்து க்ளைம் ஆபீசர் வந்தார். சின்னப் பெண், என் மகளைவிட வயது குறைவாகத்தான் இருக்கும், மரியாதை தெரிந்த பெண். வந்ததும் செருப்பை வெளியே விட்டு, உன் அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, கோப்பிலிருந்து மூன்று தாளையும் எடுத்து என் கட்டில் மேல் வரிசையாக வைத்தார். முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் என் முகத்தில் இருந்த பார்வை அது. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மூன்று தாளிலும் முதல் வரி இதுதான்: "ஓய்வு நிலையில் இருந்த ஆசிரியர் மீது இயக்க நிலையில் இருந்த வாகனம் பின்புறமிருந்து மோதியது." அது பரவாயில்லை. அடுத்த வரி, மூன்றிலும்: "மறுபடியும் சொல்கிறேன், ஓய்வு நிலையில்." அதற்குக் கீழே எலக்ட்ரீஷியன் தாளில் மட்டும் கூடுதலாக, "எழுதியாச்சா, அடுத்த வரிக்குப் போகலாமா" என்று இருந்தது. தையல்காரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், நான் சொன்னபடியே, "இங்கே கையெழுத்து" என்று அழகாக எழுதியிருந்தார்.

"இதுல யாரைப் பார்த்து யார் எழுதினது சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நானும் அந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்டதில்லை. உத்தேசமாக இரண்டாயிரம் பேரிடம் கேட்டிருப்பேன். அவர்கள் எல்லோரும் எப்படித் தரையைப் பார்த்தார்களோ அப்படியே நானும் தரையைப் பார்த்தேன். அடுக்களை வாசலில் நின்ற உன் அக்கா, "சொல்லுங்களேன், கேக்கறாங்கல்ல" என்று எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாணத்தன்றுகூட இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கடைசியில் மறுதேர்வு வைப்பதாக முடிவாயிற்று. அந்தப் பெண்ணே தையல் கடைக்குப் போய், ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்து, அவரவர் வாயால் சொன்னதை எழுதி வாங்கினார். எனக்கு ஒரு நகல் தந்தார். படித்தேன். நிறைந்திருந்த மனசு அன்றைக்கே காலியாகிவிட்டது. தையல்காரர் என்மேல் உள்ள பிரியத்தால், வண்டி புயல் மாதிரி வந்தது என்றும், வாத்தியார் ஆகாயத்தில் எழும்பிக் கீழே விழுந்தார் என்றும், தானே ஓடிப் போய்ப் பிடித்ததாகவும் சொல்லியிருக்கிறார். அவர் அப்போது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், சத்தம் கேட்டுத் திரும்பும்போது வாத்தியார் ஏற்கெனவே பேனாவை உருட்டிக்கொண்டிருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். இது நேர்மையான விடை, ஆனால் உபயோகமில்லாத விடை. வானிலை என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? "வண்டி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. வாத்தியார்தான் பின்பக்கமாவே நடந்து போய் அது மேல மோதினாரு. நான் 'வாத்தியாரே'ன்னு கத்தினேன். அவரு கையைத் தூக்கி, அப்புறம் பேசலாம்னு காட்டினாரு."

தெருவே சிரித்தது. தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். ஆனால் அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை என்பதுதான் என் கவலை. "இதையும் சேர்த்துத்தான் சார் பார்க்கணும்" என்றார். நான் வானிலையைக் கூப்பிட்டனுப்பி, பொறுமையாக விளக்கினேன். அவர் பொய் சொல்வதாக நான் ஒரு போதும் சொல்ல மாட்டேன். கண் செய்கிற குற்றம் அது. உனக்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். ஸ்டேஷனில் நிற்கிற ரயிலில் நீ உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில். திடீரென்று ஜன்னலுக்கு வெளியே எல்லாம் நகர்கிறது. ஆகா, நம் ரயில் புறப்பட்டுவிட்டது என்று பையைச் சரியாக வைத்துக்கொள்கிறாய். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்தது அந்த ரயில், நீ இருந்த இடத்திலேயே இருக்கிறாய். எது நிற்கிறது, எது நகர்கிறது என்பது பார்க்கிறவன் எங்கே இருக்கிறான் என்பதைப் பொறுத்தது. இந்த உதாரணத்தை முப்பத்து நான்கு வருடம் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். வானிலை அந்த வகுப்பில் இருந்ததில்லை, அதனால் அவரை மன்னிக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "ரயில் எல்லாம் சரி வாத்தியாரே, ஆனா நான் பெஞ்சுல உக்காந்திருந்தேன். பெஞ்சு எங்கயும் போகலையே" என்றார். அந்த விடைக்கு மனதுக்குள் பூஜ்யம் போட்டேன். அவர் நல்ல மனிதர், ஆகவே வெளியே சொல்லவில்லை.

ஆகையால் மாப்பிள்ளை, நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். வானிலையின் வாக்குமூலத்தை ஏற்கக் கூடாது என்று ஒரு விண்ணப்பம், உன் கோர்ட்டு பாஷையில், கல்லும் கரையும்படி எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரில் வந்து சேர். அவர் தினசரி வானிலை எவ்வளவு தப்பாகச் சொல்லியிருக்கிறார் என்பதற்குச் சென்ற இரண்டு மாதத்துக்கு நான் அட்டவணை தயாரித்து வைத்திருக்கிறேன். அறுபத்தோரு நாளில் ஐம்பத்தேழு நாள் தவறு. இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்? அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்குள் அந்த ஒரு வரி கைக்கு வராவிட்டால், அட்டை வைத்திருப்பவள் வந்து நிற்பாள். அவள் இப்போதே அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிவிட்டாளாம். சாயும் நாற்காலி. சாய்ந்த பலகையிலிருந்து தப்பி நான் சாயும் நாற்காலிக்குப் போக வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பெரியவனை அல்ஜீப்ராவில் கவனமாக இருக்கச் சொல். சின்னவளை ஓடும்போது செருப்பு வாரைப் போட்டுக்கொள்ளச் சொல். எல்லோரும் ஆயுள் ஆரோக்கியத்தோடு, நேரான தெருக்களில், நீண்ட காலம் நடக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

அன்புள்ள,
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்ல வேளை. இன்று காலை அந்தக் கம்பெனிப் பெண் மறுபடியும் வந்தார். எங்கள் வீட்டுக்குக் கீழே மருந்துக் கடையில் ஒரு கேமரா இருக்கிறது. முதலில் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை, ஏனென்றால் அதன் கடிகாரம் ஆறு மணி நேரம் பின்தங்கி ஓடியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, அந்தக் காலை நேரக் காட்சியைப் போனில் எடுத்துக்கொண்டு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து காட்டினார். வண்டி நிற்கிறது. நான் படத்துக்குள் வருவதற்கு நான்கு நிமிஷம் முன்பிருந்தே நிற்கிறது. பிறகு ஒரு வயதானவர், தலையை நிமிர்த்தி, ஒரு விரலைத் தூக்கி, பின்னாலேயே நடந்து வருகிறார். ஏழு அடி. மூன்று தடவை போடச் சொல்லி எண்ணினேன். ஐந்தாவது அடியில் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து கையை ஆட்டுகிறார். வயதானவர் திரும்பிப் பார்க்காமலே, அப்புறம் பேசலாம் என்று கைகாட்டுகிறார். ஏழாவது அடியில் முதுகு வண்டியில். ரயில் உதாரணத்தில் நான்தான் ரயில் மாப்பிள்ளை. பெஞ்சு எங்கேயும் போகவில்லை.

அந்தப் பெண் போனை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இப்ப க்ளைமை நீங்களா வாபஸ் வாங்கிட்டா நான் இதை ஃபைல்ல வைக்கணும்னு இல்ல" என்றார். அப்படிச் செய்திருந்தால் யார் தப்பு என்று எழுதவே வேண்டாம், உன் மருமகளுக்கும் தெரிய வேண்டாம். ஒரு நிமிஷம், முழுசா ஒரு நிமிஷம், யோசிச்சேன். மறைக்கவில்லை உன்னிடம். ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்காத ஒரு மனிதர், நான் நன்றாகப் பாடம் நடத்திய ஒரே குற்றத்துக்காக, கிடங்கில் நின்று பார்சல் பிரித்துக்கொண்டிருக்கிறார். தாள் கேட்டு வாங்கினேன். யாரையும் பார்க்காமல், யாருக்கும் சொல்லிக் கொடுக்காமல், ஒன்பதாவது கேள்விக்கு விடை எழுதினேன். "வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் பின்னால் நடந்து போய் மோதினேன். ஓட்டுநர் ஒன்றும் செய்யவில்லை." நான்கு கோடு போதுமானதாக இருந்தது. ஒரு கோடு மிச்சம்கூட.

சாயங்காலம் அந்த ஓட்டுநர் வந்தார், வண்டியோடு. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் கதவுக்கு வெளியேதான் நின்றார். "எனக்கு அப்பவே தெரியும் சார், பிரேக் போட்டுத்தான் இருந்தேன். நீங்க பேனாவெல்லாம் உருட்டிக் காட்டினீங்களா, சரி, வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு முதல் தடவையாக உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அவர் போன பிறகு வானிலையிடம் மன்னிப்புக் கேட்க ஆளனுப்பினேன். அவர் எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு வந்தார். எலக்ட்ரீஷியன் கையில், கொத்தனாரிடம் வாங்கி வந்த ரசமட்டம். பலகையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாராம். என் திருப்திக்காக மூன்று தடவை தூக்கியதில் இப்போது இடது பக்கம் கொஞ்சம் உயர்ந்துபோய்க் கிடக்கிறதாம். ஆனால் பழைய ஆணித் துளைகளை வைத்துப் பார்த்தால், முதலில் மாட்டியபோது துல்லியமாக நேராக இருந்ததாம். பிறகு அதே ரசமட்டத்தை என் ஜன்னலின் அடிக்கட்டை மேல் வைத்தார். குமிழி ஒரேயடியாக ஒரு பக்கம் ஓடிப்போயிற்று. சாய்ந்திருந்தது இந்த ஜன்னல், இருபத்திரண்டு வருடமாக.

ஆகவே மேலே எழுதியது முழுவதையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிடு. விண்ணப்பம் வேண்டாம். அட்டவணையும் வேண்டாம். நீ வரவும் வேண்டாம். மகளிடம் நானே போன் செய்து உண்மையைச் சொல்லி, நாற்காலியைத் துடைத்து வை, வருகிறோம் என்றேன். நான் ஒரு விஷயத்துக்கு வாதாடாமல் ஒத்துக்கொண்டது அவளுக்குப் பயத்தைக் கொடுத்துவிட்டது போலிருக்கிறது. பிறகு, "நீங்களா எழுதிக் கொடுத்தீங்களா?" என்றாள். நானாகத்தான் என்றேன். "யாரும் கேக்காமலேயா?" என்றாள். ஆமாம் என்றேன். கடைசியில், "சரி, ஒரு டெஸ்ட் வைப்போம். கட்டுப் பிரிச்சு டாக்டர் நடக்கச் சொன்னதும், வீட்டிலேர்ந்து தபால் ஆபீஸ் வரை நீங்க தனியா நடந்து காட்டுங்க. முன்னாடி பார்த்து. அம்மா பத்தடி தள்ளிப் பின்னால வந்து பார்க்கட்டும். அம்மா பாஸ்னு சொன்னா நீங்க அங்கயே இருங்க" என்றாள்.

தேர்வாளர் இப்போது அடுக்களையில் இருக்கிறார். வழியில் யாருடைய பலகையையாவது திரும்பிப் பார்த்தால் ஐந்து மார்க் குறைப்பேன் என்று இப்போதே அறிவித்திருக்கிறார். முப்பத்து நான்கு வருடத்தில் நான் யாருடைய சிபாரிசையும் ஏற்றதில்லை, யாரிடமும் சிபாரிசுக்குப் போனதும் இல்லை, அது உனக்கே தெரியும். இருந்தாலும் மாப்பிள்ளை, உன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி வை.